பழைய டெலி ஜூம் வாங்குறீங்களா? வெளிய பளபளப்ப விடுங்க, உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க

நான் மொதல்ல வாங்குன பழைய டெலி ஜூம், அதாவது தூரத்துல இருக்குறதப் பக்கத்துல இழுத்துக் காட்டுற லென்ஸ், பாக்குறதுக்கு அவ்ளோ புதுசா இருந்துச்சு. பாக்ஸ் இருக்கு, வாரண்டி கார்டு இருக்கு, பவுச் கூட மடிப்பு கலையாம இருக்கு. வித்தவரு ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். "தம்பி, பத்து தடவ கூட வெளிய எடுத்துருக்க மாட்டேன், பீரோலயே பத்திரமா வச்சிருந்தேன்"னு சொன்னாரு. அதக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அங்கதான் விழுந்தேன். அடுத்த வாரம் வேடந்தாங்கல் போய் வெயிலுக்கு எதிர்ல ஒரு நாரைய எடுத்தா படம் பூரா பால் ஊத்துன மாதிரி வெளுத்து நிக்குது. வீட்டுக்கு வந்து ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச் அடிச்சா, நடுவுல இருக்குற ஒரு கண்ணாடி முழுக்க மூடுபனி. அவர் பொய் சொல்லல, பாவம். பத்து வருஷம் இருட்டுல மூடி வச்சதுதான் அதுக்கு வியாதியே.

இப்ப கையில இருக்குற லென்ஸ் கல்யாண போட்டோகிராபர் ஒருத்தர்கிட்ட வாங்குனது. பெயிண்ட் உரிஞ்சு உள்ள இருக்குற உலோகம் தெரியும், ரப்பர்ல ஒரு எடத்துல டேப் சுத்தியிருக்கு, முன்னாடி வெயில மறைக்கிற ஹூட் வேற செட்டோடது. ஆனா கண்ணாடி அவ்ளோ சுத்தம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வெளிய வந்து காத்து, வெளிச்சம் பட்ட லென்ஸ்ல ஃபங்கஸுக்கு, அதாவது பூஞ்சைக்கு, வேலையே இல்ல. புதுசா வாங்க வர்றவங்க பயப்பட வேண்டியதுக்கு பயப்படாம, பயப்படவே தேவையில்லாததப் பாத்து ஓடுறாங்க, தூசியப் பாத்து நல்ல லென்ஸ விடுறாங்க, பளபளப்பப் பாத்து ஹேஸ், அதாவது நான் பாத்த அந்த மூடுபனி, புடிச்சத வாங்குறாங்க. ஒரு அரை மணி நேரம் ஒதுக்குனா போதும், எது எதுன்னு நீங்களே கண்டுபுடிச்சிடலாம்.

மொதல்ல உங்க கேமரா பாடிக்கு அது வேல செய்யுமா

லென்ஸப் பாக்கப் போறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய வேல இது, போய் நின்னுட்டு முழிக்கக் கூடாது. நிக்கான்காரங்களுக்குத்தான் இதுல அதிக சிக்கல். நிக்கானோட 80-200 எஃப் 2.8 டி (80-200ங்கறது ஜூம் அளவு மில்லிமீட்டர்ல, எஃப் 2.8ங்கறது வெளிச்சம் போற ஓட்டை எவ்ளோ பெருசா தொறக்கும்ங்கறது) மாதிரியான பழைய லென்ஸ்கள்ல மோட்டார் கெடையாது, பாடிக்குள்ள இருக்குற மோட்டார் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் மாதிரி வந்து லென்ஸ் பின்னாடி இருக்குற பள்ளத்துல மாட்டித் திருப்பும், அப்பதான் ஃபோகஸ் நகரும். டி90, டி7000, டி610, டி750 எல்லாத்துலயும் அந்த மோட்டார் இருக்கு. டி3400, டி5600 மாதிரி சின்ன பாடிகள்ல இல்ல. அதுல மாட்டுனா லென்ஸ் நல்லா உக்காரும், படமும் எடுக்கும், ஆனா ஃபோகஸ் நீங்கதான் கையால பண்ணணும், பறக்குற பறவைக்கு கையால ஃபோகஸ் பண்றதெல்லாம் ஆரம்பத்துல ஆகற காரியம் இல்ல. இசட் வரிசை மிரர்லெஸ்ல, அதாவது உள்ள மிரர் இல்லாத புது வகைக் கேமராவுல, பழைய லென்ஸ மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் இதே கததான், அந்த அடாப்டருக்குள்ளயும் மோட்டார் இல்ல. லென்ஸ் பேர்ல ஏஎஃப்-எஸ்னு இருந்தா உள்ளயே மோட்டார் இருக்குன்னு அர்த்தம்.

கேனன்ல அந்தத் தலவலி கம்மி. 1987ல இஎஃப் மவுன்ட் (லென்ஸ் கேமராவுல மாட்டுற வளையம்) வந்ததுலேர்ந்தே ஃபோகஸ் மோட்டார லென்ஸுக்குள்ளயே வச்சுட்டாங்க, அதனால 1995ல வந்த 70-200 எஃப் 2.8 எல் கூட இன்னைக்கு அடாப்டர் போட்டு ஆர் வரிசை மிரர்லெஸ்ல ஜம்முனு ஓடும். ஆனா ஒரு எடத்துல ஜாக்கிரத. கேனன் மவுன்ட்ல வந்த ரொம்பப் பழைய சிக்மா லென்ஸ்கள், ஃபிலிம் காலத்துது, டிஜிட்டல் பாடில மாட்டுனா முழுசா திறந்த அபர்ச்சர்ல (அந்த வெளிச்சம் போற ஓட்டை) மட்டும் எடுக்கும், கொஞ்சம் மூடுனா எர்ரர் காட்டி நின்னுடும். விக்கிறவங்க "ஒர்க்கிங் கண்டிஷன்"னுதான் போடுவாங்க, அதுவும் ஒரு வகைல உண்மதான். சோனி ஏ மவுன்ட் வச்சிருந்தா 1985ல வந்த மினோல்ட்டா லென்ஸ்களும் உங்களுக்கு ஆகும், அந்த 70-210 எஃப் 4அ பீர் கேன்னு செல்லமா கூப்புடுவாங்க, உருவம் அப்படி.

புதுசா ஆரம்பிக்கிறவங்க என்னக் கேட்டா நான் சொல்றது கேனன் 70-200 எஃப் 4 எல், அந்த ஐஎஸ் (கை நடுக்கத்த சரி பண்ற வசதி) இல்லாத 1999 மாடல். 705 கிராம்தான், தோள் வலிக்காது, உள்ள ஃப்ளோரைட் கண்ணாடி ஒண்ணு இருக்கு, படம் இன்னைக்கும் கூர்மையா வரும். எஃப் 2.8 லென்ஸ்கள் ஒண்ணே கால் கிலோவுக்கு மேல, மண்டபத்துல கம்மி வெளிச்சத்துல எடுக்குறவங்களுக்கு அது வேணும், ஞாயித்துக்கெழம ஏரிக்குப் போறவங்களுக்கு அந்தச் சொம எதுக்கு. இன்னொண்ணு, 75-300னு, 70-300 ஜின்னு ரொம்ப மலிவா கெடக்குற, கேமராவோட சேத்துக் குடுத்த பழைய கிட் டெலிகளத் தொடாதீங்க. நல்ல கண்டிஷன்ல கெடச்சாலும் 300ல படம் மசமசன்னுதான் வரும், அது லென்ஸோட கொற இல்ல, அதோட பொறவியே அப்படி.

கையில என்ன எடுத்துட்டுப் போகணும்

உங்க சொந்த பாடி, சார்ஜ் ஏத்துன பேட்டரி, காலி மெமரி கார்டு, ஒரு நல்ல டார்ச். செல்போன் டார்ச்சே போதும், ஆனா ஒத்த எல்இடி இருக்குற சின்ன டார்ச் இன்னும் நல்லா காட்டும். மைக்ரோஃபைபர் துணி ஒண்ணு. முடிஞ்சா லேப்டாப், ஏன்னா கேமரா பின்னாடி இருக்குற சின்ன ஸ்கிரீன்ல எல்லாப் படமும் ஷார்ப்பாத்தான் தெரியும்.

பகல்ல போங்க. ராத்திரி டீக்கட வாசல்ல வச்சு வாங்குன லென்ஸப் பத்தி நல்ல கத ஒண்ணு கூட நான் கேட்டதில்ல. பாக்குற எடத்துல மொட்ட மாடியோ, தூரத்துல ஒரு அடுக்குமாடி தெரியுற எடமோ இருந்தா இன்னும் விசேஷம், அது எதுக்குன்னு பின்னாடி வரும். விக்கிறவர் ஃபோன்லயே "டார்ச் அடிச்சுப் பாக்கலாங்களா, பாடில மாட்டி பத்து இருவது படம் எடுத்துக்கலாங்களா"ன்னு முன்னாடியே கேட்டுடுங்க. அதுக்கு மொகத்த சுளிக்கிறவர்கிட்ட போகவே வேணாம், பஸ் காசு மிச்சம்.

வெளிய ஒரு சுத்து

இதுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க. பெயிண்ட் போனது, கீறல், ரப்பர் வெள்ளையா பூத்திருக்குறது இதெல்லாம் வெல பேசத்தான் ஒதவும். பாக்க வேண்டியது மூணு எடம். முன்னாடி ஃபில்டர் மாட்டுற வளையம் நெளிஞ்சிருக்கா? நெளிஞ்சிருந்தா மூஞ்சி குப்புற விழுந்திருக்குன்னு அர்த்தம், விழுந்த லென்ஸ்ல உள்ள கண்ணாடி வரிச நகந்திருக்கலாம், அப்ப பின்னாடி சொல்ற நாலு மூல டெஸ்ட்ட ரெண்டு தடவ பண்ணுங்க. அடுத்தது ஸ்க்ரூ தலைகள், மவுன்ட்ட சுத்தி இருக்குறது. ஓரம் மழுங்கி, வெள்ளையா சொரண்டுன மாதிரி இருந்தா யாரோ தொறந்திருக்காங்க. தொறந்தது தப்பில்ல, எதுக்குத் தொறந்தாங்கன்னு பதில் வரணும். மூணாவது பின்னாடி மவுன்ட், அந்தத் தங்க நிறக் காண்டாக்ட்ல பச்சைக் களிம்பு ஏறியிருந்தா ஈரத்துல கெடந்திருக்கு.

நிக்கான் 80-200 டில ரெண்டு ரிங் மாடல்னு ஒண்ணு, 90கள் பின்பாதில வந்தது. அதுல ஆட்டோவுக்கும் மேனுவலுக்கும் மாத்துற ஏ-எம் ரிங் பிளாஸ்டிக், பல லென்ஸ்ல அது கீறல் விட்டு ஒடையும். ரிங்க நல்லா சுத்திப் பாத்து விரிசல் இருக்கா, ரெண்டு பக்கமும் கிளிக்னு நிக்குதான்னு பாருங்க. ஒடஞ்சிருந்தாலும் ஆட்டோல நிக்குதுன்னா சில பேர் அப்படியே ஓட்டிட்டிருக்காங்க, வெல மட்டும் அதுக்கேத்த மாதிரி எறங்கணும்.

கேனன்ல ஒரு வசதி, பின்னாடி மவுன்ட் உள்பக்கம் சின்ன எழுத்துல ஒரு குறியீடு அச்சடிச்சிருக்கும், யூ-ஆர்-0902 மாதிரி. மொத எழுத்து ஃபேக்டரி, யூன்னா ஜப்பான்ல உட்சுனோமியா. ரெண்டாவது எழுத்து வருஷம், ஏ 1986ல ஆரம்பிச்சு வரிசையா எண்ணுனா என் 1999, ஆர் 2003, இசட் 2011. அதுக்கடுத்த ரெண்டு நம்பர் மாசம். "அஞ்சு வருஷந்தான் ஆச்சு தம்பி"ன்னு சொல்றவர்கிட்ட சண்ட போட வேணாம், எண்ணிப் பாத்துட்டு மனசுல வச்சுக்கோங்க. கடைசி சில வருஷத்து லென்ஸ்கள்ல இந்தக் குறியீடு இருக்காது. ட்ரைபாட் காலர் இல்லையேன்னும் பதறாதீங்க, 70-200 எஃப் 4 எல்லோட காலர் வரவே வராது, கேனன் அதத் தனியாத்தான் வித்துச்சு.

டார்ச், இதுலதான் முக்காவாசி முடிவு இருக்கு

ரெண்டு மூடியும் கழட்டுங்க, முன்னாடி ஃபில்டர் இருந்தா அதையும் கழட்டுங்க, கழட்ட வரலன்னா அதுவே ஒரு கேள்வி. நிழலான எடத்துக்குப் போய் லென்ஸோட முன்பக்கம் உங்களப் பாத்த மாதிரி புடிச்சுக்கிட்டு பின்னாடிலேர்ந்து டார்ச்ச அடிங்க. நேரா கண்ணுல அடிக்கிற மாதிரி இல்ல, கொஞ்சம் சாய்ச்சு, பின்னாடி கருப்பா ஏதாவது இருக்குற மாதிரி. அப்புறம் மெதுவா டார்ச்ச நகத்துங்க. உள்ள கண்ணாடி ஒவ்வொண்ணா வெளிச்சம் புடிக்கும். ஜூம ஒரு கோடிலேர்ந்து இன்னொரு கோடிக்குத் திருப்பிக்கிட்டே பாருங்க, ஏன்னா உள்ள கண்ணாடிக் கூட்டங்கள் நகரும், 70ல ஒளிஞ்சிருந்தது 200ல வெளிய வரும். ஃபோகஸ் ரிங்கையும் திருப்புங்க. பொறகு லென்ஸத் திருப்பி முன்னாடிலேர்ந்து டார்ச் அடிச்சு பின்னாடிலேர்ந்து பாருங்க. நிக்கான் டி லென்ஸ் (அந்த 80-200 டி மாதிரி) கழட்டி வச்சா அபர்ச்சர் ரிங் காட்டுற அளவுக்கு மூடிக்கும், அதனால ரிங்க 2.8க்குத் திருப்பி வச்சுட்டுப் பாக்கணும், இல்லன்னா ஓட்டை சின்னதா இருக்கும், ஒண்ணும் தெரியாது. கேனன் கழட்டுனா தானா தொறந்தே இருக்கும். ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க, டார்ச்சுக்குப் பதிலா சூரியனப் பாக்கலாமேன்னு டெலி லென்ஸக் கண்ணுல வச்சுடாதீங்க, கண்ணு போயிடும்.

இப்ப உள்ள என்ன தெரியும்னா, கண்டிப்பா தூசி தெரியும். வானத்துல நட்சத்திரம் மாதிரி புள்ளி புள்ளியா. மொத தடவ பாக்குறவங்க இதப் பாத்துதான் மெரண்டு போறாங்க. கட அலமாரில இருக்குற புது லென்ஸ டார்ச் அடிச்சாலும் நாலு புள்ளி தெரியத்தான் செய்யும், தனித்தனிப் புள்ளியா இருக்குற தூசி படத்துல எதையும் கெடுக்காது. 1998ல வந்த கேனன் 100-400, அந்தத் தள்ளி இழுக்குற மாடல், அதத் தூசி பம்புன்னே கிண்டல் பண்ணுவாங்க, இழுக்க இழுக்க காத்த உள்ள வாங்கும்னு, ஆனா அத வச்சு உலகம் பூரா அருமையான பறவப் படங்கள் எடுத்துத் தள்ளியிருக்காங்க. முன்கண்ணாடில ஒரு சின்ன கீறல் இருந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. பின்கண்ணாடில கீறல்னா அது சென்சாருக்குப் பக்கம், அங்க கொஞ்சம் கண்டிப்பா இருங்க.

ஃபங்கஸ் வேற மாதிரி. புள்ளியா இருக்காது, கிள விட்டுப் படரும், சிலந்திவல மாதிரி, இல்லன்னா மரத்து வேர் மாதிரி, பெரும்பாலும் கண்ணாடி ஓரத்துலேர்ந்து நடுவ நோக்கி வரும். ஓரத்துல நகக்கண் அளவுல ரெண்டு மூணு இழைன்னா படத்துல ஒண்ணும் தெரியாது, ஆனா அது நின்னுடுச்சா வளந்துகிட்டிருக்கான்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. ரொம்ப நாள் ஆச்சுன்னா அது விடுற அமிலம் கோட்டிங்க அரிச்சுடும், அப்புறம் சுத்தம் பண்ணாலும் தடம் போகாது. முன்கண்ணாடிலயோ பின்கண்ணாடிலயோ இருந்தா மெக்கானிக் ஈஸியா எட்டிடுவாரு, நடுவுல இருந்தா மொத்தத்தையும் பிரிக்கணும், பிரிச்சுத் திரும்பச் சேக்கும்போது வரிச தப்புனா அது அடுத்த வியாதி.

ஹேஸ்தான் நெஜமான திருடன், ஏன்னா சும்மா பாத்தா தெரியாது. கண்ணாடி பூரா ஒரே சீரா, குளிச்ச பாத்ரூம் கண்ணாடில படியுற ஆவி மாதிரி, லேசான வெண்மூட்டம். லென்ஸ் உள்ள போட்ட கிரீஸ்லேர்ந்து கெளம்புற எண்ணெய்ப் பசையும் ஈரமும் சேந்து வருஷக்கணக்குல படியுறது. புள்ளி எதுவும் தனியாத் தெரியாததால "கிளீன் கிளாஸ்"னு நெனச்சுடுவீங்க, நான் நெனச்சேன். டார்ச்ச சாய்ச்சு அடிக்கும்போது ஒரு கண்ணாடி மட்டும் ஒட்டுமொத்தமா பளீர்னு வெள்ளையாகும், மத்தது கருப்பாவே இருக்கும். அத மட்டும் பாத்துட்டா கீழ வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுங்க. இன்னொண்ணு, ரெண்டு கண்ணாடிய ஒட்டுன பசை விட்டுப் போறது, ஓரத்துல பிறை மாதிரியோ, எண்ணெய் மெதக்குற தண்ணில தெரியுற வானவில் மாதிரியோ தெரியும். அது ரிப்பேருக்கு லாயக்கில்ல, வாங்காதீங்க, சும்மா குடுத்தாலும் யோசிங்க.

டார்ச் அடிக்கும்போதே லென்ஸ் வச்சிருந்த பைய மோந்து பாருங்க, சிரிக்காதீங்க, நெஜமாத்தான். பூஞ்ச வாடையோ, பீரோல போட்ட பாச்சா உருண்ட வாடையோ வந்தா அந்த லென்ஸ் இத்தன நாள் எங்க கெடந்துச்சுன்னு வாய தொறக்காமலே சொல்லிடும்.

அபர்ச்சர் பிளேடு, ரிங்கு, சத்தம்

நிக்கான் டி லென்ஸ்ல ரிங்க 22க்கு வச்சுட்டு பின்னாடி இருக்குற குட்டி லீவர வெரலால தள்ளி டக்குனு விடுங்க. பிளேடுகள் படக்குனு மூடணும். சோம்பேறித்தனமா நகந்தா பிளேடுல எண்ணெய் எறங்கியிருக்கு, பிளேடு நேரத்துக்கு மூடாம படம் ஓவர் எக்ஸ்போஸ் ஆகும், அதாவது வெளுத்துப் போகும். கேனன்ல லீவர் கெடையாது, பாடில மாட்டி 16 வச்சு, அபர்ச்சர மூடிக் காட்டுற டெப்த் பிரிவியூ பட்டன அமுக்கிக்கிட்டு முன்னாடிலேர்ந்து பாருங்க. பிளேடு மேல ஈரமா மினுமினுப்பு இருக்கக் கூடாது. நிக்கான் டி லென்ஸ் மாட்டுறப்ப ரிங்க 22ல பூட்டி வைக்கணும், மறந்தா கேமரா எஃப்-ஈ-ஈன்னு காட்டி நகர மாட்டேங்கும், அதப் பாத்து லென்ஸ் செத்துப் போச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டு வந்தவங்க உண்டு.

ஜூம் ரிங் ஒரே சீராத் திரும்பணும். நடுவுல நறநறன்னு மணல் அரைக்குற மாதிரி இருந்தா கடற்கரைல நல்லா வாழ்ந்திருக்கு. இறுக்கமா இருக்குறது பரவால்ல, விட்டு விட்டு மாட்டுறதுதான் ஆகாது. முன்னாடி நீளுற டைப் லென்ஸக் குனிச்சுப் புடிச்சா தானா கீழ எறங்கும், பழசுல அது சகஜம், தோள்ல தொங்கும்போது எரிச்சலா இருக்கும் அவ்ளோதான். ஐஎஸ் இருக்குற லென்ஸ லேசா ஆட்டுனா உள்ள ஏதோ கழண்ட மாதிரி டொக் டொக்குனு கேக்கும், பயப்படாதீங்க, கரண்ட் இல்லாதப்ப அந்தக் கண்ணாடி லூசாத்தான் இருக்கும். ஐஎஸ் இல்லாத லென்ஸ்ல அந்தச் சத்தம் வந்தாத்தான் பிரச்சன.

பாடில மாட்டி எடுக்குறது

ஃபோகஸ் மொதல்ல. பக்கத்துல ஒரு பொருள், தூரத்துல ஒரு பொருள், மாத்தி மாத்தி ஒரு பதினஞ்சு தடவ. ஸ்க்ரூ டிரைவ் லென்ஸ் கர்ர்ருனு சத்தம் போடும், அது அதோட குரல். கேனன் யுஎஸ்எம், நிக்கான் ஏஎஃப்-எஸ் மோட்டார் எல்லாம் சத்தமே இல்லாம நகரணும், கீச் கீச்சுனு எலி மாதிரி கத்துனா மோட்டார் சாகப் போகுது, அந்தப் பழைய மோட்டாருக்கு ஸ்பேர் தேடி அலையணும். கிட்ட இருக்குறதுக்கு ஃபோகஸே ஆகலன்னா ஒடனே முடிவு கட்டாதீங்க, பக்கத்துல லிமிட் சுவிட்ச் இருக்கும், 70-200 எஃப் 4 எல்ல 3 மீட்டர்னு ஒரு பக்கம் 1.2 மீட்டர்னு ஒரு பக்கம். 3ல வச்சிருந்தா கிட்ட வராது. ஐஎஸ் இருந்தா பட்டன பாதி அமுக்குனதும் லேசா ஒரு உறுமல் கேட்டு, வியூஃபைண்டர்ல படம் பசை ஒட்டுன மாதிரி நிக்கணும். படம் எகிறிக் குதிச்சா, இல்ல கரகரன்னு கேட்டா, அங்கயே நிறுத்திக்கோங்க.

அப்புறம் ஃபோகஸ் துல்லியம். டிஎஸ்எல்ஆர் (உள்ள மிரர் வச்ச கேமரா) வச்சிருக்கவங்களுக்கு மட்டும் இது, மிரர்லெஸ்ல சென்சாரே ஃபோகஸ் பாக்குறதால இந்தக் கொற வர்றதில்ல. ஒரு நியூஸ்பேப்பர டேபிள்ல விரிச்சு சாய்வா நின்னு, 200ல, முழுசா தொறந்த அபர்ச்சர்ல ஒரு தலைப்பு எழுத்த ஃபோகஸ் பண்ணி எடுங்க. வியூஃபைண்டர்ல மூணு, லைவ் வியூல (பின்னாடி ஸ்கிரீன்ல பாத்து எடுக்குறது) மூணு. லைவ் வியூல எழுத்து ஷார்ப்பா இருந்து வியூஃபைண்டர்ல முன் வரியோ பின் வரியோ ஷார்ப்பானா, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, பாடியோட சேருறதுல கொஞ்சம் வித்யாசம். டி7000, 7டி, 80டி மாதிரி பாடிகள்ல மெனுலயே சரி பண்ணிக்கலாம், டி90லயும் 60டிலயும் அந்த வசதி இல்ல, அந்த பாடி வச்சிருந்தா விட்டுடுங்க.

இப்ப அந்தத் தூரத்து அடுக்குமாடி. சுவத்துக்கு நேரா நின்னு எடுக்குற டெஸ்ட் எல்லாம் வேணாம், நீங்க ஒரு டிகிரி கோணலா நின்னாலே ஒரு பக்கம் மங்கிடும், லென்ஸ் மேல பழி போடுவீங்க. ரொம்ப தூரத்துல இருக்குற கட்டடம்னா அந்தக் கோணல் கணக்குல வராது. ஷட்டர் 1/1000க்குக் கொறையக் கூடாது, ஐஎஸ் ஆஃப், கைப்பிடிச் சுவர்ல பைய வச்சு அது மேல லென்ஸ வைங்க. 70ல, 135ல, 200ல, ஒவ்வொண்ணுலயும் முழுசா தொறந்து ஒண்ணு, 8ல ஒண்ணு. மத்தியான வெயில்ல எடுக்காதீங்க, மொட்ட மாடில சூடான காத்து ஆடி படமே தண்ணிக்குள்ள பாத்த மாதிரி இருக்கும், காலைல ஒம்போது மணிக்குள்ள முடிச்சுடுங்க.

லேப்டாப்ல 100 சதவீதம் பெருசாக்கி நாலு மூலையும் பாருங்க. தொறந்த அபர்ச்சர்ல நாலு மூலையும் நடுவ விட லேசா மங்கலா இருக்கும், பழசுல அது நியாயம். நாலும் ஒரே அளவுக்கு மங்கலா இருக்கணும், அதுதான் விஷயம். இடது பக்கம் ஜன்னல் கம்பி எண்ணலாம், வலது பக்கம் கம்பியே கொழகொழன்னு இருக்கு, 8 வச்சும் சரியாகலன்னா உள்ள ஏதோ ஒரு கண்ணாடி மையம் தப்பியிருக்கு. சந்தேகம் இருந்தா கேமராவத் தலைகீழாப் புடிச்சு திரும்ப எடுங்க. மங்கல் ஃபிரேம்ல அதே மூலைல இருந்தா லென்ஸ் கோளாறு, கட்டடத்தோட அதே எடத்துல இருந்தா உங்க கோளாறு. தூசிக்கு பயந்தவங்க இந்தக் கொறைய ஒரு வருஷம் கழிச்சுத்தான் கண்டுபுடிப்பாங்க, அதுவும் ஒரு கல்யாண குரூப் போட்டோல ஓரத்துல நின்ன மாமா மட்டும் மங்கலா வந்ததுக்கப்புறம்.

கடைசியா ஜன்னலுக்கு எதிர்ல யாரையாவது நிக்க வச்சு, வெளிச்சம் லென்ஸுக்குள்ள எறங்குற மாதிரி ஒரு படம். டார்ச்ல கண்ணுக்குத் தப்புன ஹேஸ் இங்க மாட்டும், கருப்பு முடி சாம்பலாத் தெரியும். முடிஞ்சா உங்ககிட்ட இருக்குற வேற லென்ஸ்ல அதே படத்த எடுத்து பக்கத்துல வச்சுப் பாருங்க.

வெல பேசுறது

மொதல்லயே பத்து எடத்துல அதே மாடல் என்ன வெலக்குப் போகுதுன்னு பாத்து வச்சிருக்கணும். பெயிண்ட், ரப்பர், ஹூட், பாக்ஸ் இல்லாதது, இதுக்கெல்லாம் கொறச்சுக் கேளுங்க, கெடச்சா சந்தோஷமா வாங்குங்க. முன்கண்ணாடி ஓரத்துல லேசா ஃபங்கஸ்னா, லென்ஸ் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட படம் அனுப்பி கிளீன் பண்ண என்ன ஆகும்னு கேட்டுட்டு, அத மாதிரி ரெண்டு மடங்கு கொறச்சுக் கேளுங்க, ஏன்னா தொறந்தா கூட ஒரு வேல வரும். ஹேஸ், மையம் தப்புனது, கீச்சிடுற மோட்டார், பசை விட்ட கண்ணாடி, இந்த நாலுக்கும் பேரமே கெடையாது.

ஒரு தடவ நான் சொன்னேன், "அண்ணே, உள்ள மூட்டமா இருக்குங்க, இந்தா டார்ச்ல பாருங்க."

"அது தூசிப்பா, தொடச்சா போயிடும்."

"அப்ப தொடச்சுட்டு ஒரு ஃபோன் போடுங்கண்ணே, நீங்க சொன்ன வெலையே தர்றேன்."

ஃபோன் இன்னும் வரல.

பில் கேளுங்க. பழசுக்கு பில் இல்லாம இருக்கலாம், ஆனா பேரு, நம்பர், சீரியல் நம்பர் எழுதுன ஒரு துண்டு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிறது நல்லது, திருட்டு கேமராவும் இதே வழிலதான் கை மாறுது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இந்த வயசு லென்ஸுக்கு ஸ்பேர் இல்லன்னு கையக் கட்டிடுவாங்க, அதனால வாங்குற வெலைல இது கெட்டா பெருசா எதுவும் பண்ண முடியாதுங்குற கணக்கும் சேந்திருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல நாள்கணக்குல நின்னா ஃபங்கஸுக்கு விருந்துதான், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல வருஷத்துல பாதி நாள் அப்படித்தான், ஐப்பசி கார்த்திக மழைல கேக்கவே வேணாம். ஈரத்தக் கட்டுப்படுத்துற டிரை கேபினெட் வாங்க காசு இருந்தா 40லேர்ந்து 50க்குள்ள வச்சுக்கோங்க. இல்லன்னா ரப்பர் வளையம் போட்ட காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஒரு கை சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சுற நீல மணி), பக்கத்துல ஈரப்பதம் காட்டுற சின்ன ஹைக்ரோமீட்டர். அந்த நீல மணி ரோஸ் கலர் ஆச்சுன்னா தோசக்கல்ல மெல்லிசா சூடு காட்டுனா திரும்ப நீலமாயிடும், அந்தக் கல்ல அப்புறம் தோச சுட எடுக்காதீங்க, தனியா ஒண்ணு வச்சுக்கோங்க. லெதர் பவுச்சுல போட்டு பீரோல மட்டும் வைக்காதீங்க. ஏசி மண்டபத்துலேர்ந்து வெளிய வர்றப்ப லென்ஸ பைக்குள்ளயே ஒரு இருவது நிமிஷம் விட்டுட்டு அப்புறம் எடுங்க, இல்லன்னா கண்ணாடில பனி புடிக்கும், அந்த ஈரம் உள்ளயும் போகும்.

மாசத்துக்கு ரெண்டு தடவயாவது வெளிய எடுத்து நாலு படம் எடுங்க. எதுவும் இல்லன்னா மாடில உக்காந்துருக்குற காக்காவ எடுங்க, 200எம்எம்முக்கு அது நல்லாவே அடங்கும்.